எஞ்சின் மாற்றிய காரும் ஒரு பனிக்காலமும்: வீட்டு கராஜில் படிப்படியாகச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

என்னுடைய கார் 1993ஆம் வருட ஹோண்டா சிவிக் டிஎக்ஸ். கம்பெனி போட்டு அனுப்பிய எஞ்சின் 1.5 லிட்டர், 102 குதிரைத்திறன். இப்போது பானெட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது, ஹோண்டாவின் இன்னொரு பிராண்டான அக்யுராவின் 2004 டிஎஸ்எக்ஸ் காரின் கே24ஏ2, 2.4 லிட்டர், 200 குதிரைத்திறன். மாற்றியது நான் இல்லை. யாரோ ஒருவர் பாதி ஆசையிலும் பாதி அவசரத்திலும் மாற்றி, கை மாறி மாறி, ஒரு வசந்தகாலத்தில் கனடாவின் மிசிசாகாவில் என் வீட்டு வாசலுக்கு வந்தது.

முதல் கோடை முழுக்க ஏதாவது ஒரு தொல்லை. சில நாள் செல்ஃப் எடுக்காது. ஹெட்லைட் போட்டால் டாஷ்போர்டு முள்ளெல்லாம் ஆடும். சிக்னலில் நின்றால் கண்ணாடி நடுங்கும். நானும் எல்லோரையும் போல எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்கார்பரோவில் முப்பது வருடமாகக் கார் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “தம்பி, எஞ்சினில ஒண்டும் இல்லை. எர்த்தை முதல் பாரும்” என்றார். அவர் சொன்னது எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்புக்கு, மட்டும் பொருந்துவதில்லை. ஹோண்டா செய்த எஞ்சின் ஹோண்டா செய்தபடியே இருக்கிறது, காரும் அப்படியே. இரண்டையும் ஒட்டுப்போட்ட இடங்கள்தான் யாரோ ஒருவர் கராஜில் இரவு பதினோரு மணிக்குச் செய்தவை. மவுண்டிங், வயரிங், பெட்ரோல் ஹோஸ், ஆக்சில், கூலன்ட் ஹோஸ். பனிக்காலத்து வேலையெல்லாம் அந்த ஒட்டுகளில்தான்.

ஒன்டாரியோவில் நவம்பர் பிறந்தால் சாலையில் உப்புக் கொட்ட ஆரம்பிப்பார்கள். முப்பது வயதான சிவிக் அதில் ஓடக் கூடாது. ஏப்ரல் மழை உப்பைக் கழுவும்வரை நான்கைந்து மாதம் கையில் இருக்கிறது. கேட்க நிறைய மாதிரித் தெரியும். வார இறுதிகளாக எண்ணினால் இருபது, அதிலும் பாதி கல்யாணம், காய்ச்சல், கடுங்குளிர் என்று போய்விடும். அதனால் வரிசை முக்கியம்.

படி 1: வண்டி ஓடும்போதே அக்டோபரில் செய்யவேண்டியவை

வண்டியை ஜாக்கியில் ஏற்றிய பிறகுதான் வேலை தொடங்குகிறது என்று நினைத்தால் பாதி விஷயம் கைநழுவும். எஞ்சின் சூடாகி ஓடும் நிலையில் மட்டுமே தெரிகிற குறைகள் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது போனில் ஒலிப்பதிவு போட்டுக்கொள்ளுங்கள். கே24இல் முதல் ஓரிரு நொடி கரகரவென்று ஒரு சத்தம் வந்தால், அது பெரும்பாலும் இன்டேக் கேம் முனையில் இருக்கும் விடிசி ஆக்சுவேட்டர், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம். இந்த எஞ்சினின் பழக்கமான வியாதி. அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எந்த கியரில், எந்த வேகத்தில் என்ன சத்தம், என்ன நடுக்கம் என்று பக்கத்தில் ஒருவரை வைத்து எழுதச் சொல்லுங்கள். வேகம் கூட்டும்போது மட்டும் வரும் நடுக்கம், வேகம் ஒன்றாக இருக்கும்போதும் வரும் நடுக்கம், நிற்கும்போது வரும் நடுக்கம் மூன்றும் மூன்று வேறு காரணங்கள். ஜனவரியில் இது ஞாபகம் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும், சூடு ஆறுவதற்குள் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பார்த்துவிடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கிராங்க் செய்ய (செல்ஃப் மோட்டாரால் மட்டும் சுற்றவிட) வேண்டும். ஹோண்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு 930 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 135 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 200 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. நான்கும் ஒத்து வந்தால் எஞ்சினைத் திறக்கும் ஆசையை அந்த நொடியிலேயே விட்டுவிடலாம். இந்தச் சோதனையின் உண்மையான பயன் அதுதான்.

இன்னொன்றை முதல் உறைபனிக்கு முன்னால் கட்டாயம் பாருங்கள்: கூலன்ட். கோடையில் எங்காவது ஒழுகி, முந்தைய ஓனர் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கலாம். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தால் மைனஸ் 37 டிகிரிவரை தாங்கும். வெறும் தண்ணீர் என்றால் ஒரே ராத்திரியில் பிளாக் வெடிக்கும். சோதிக்கும் கருவி பத்துப் பதினைந்து டாலர்தான்.

எஞ்சின் ஆயிலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் ஈரமும் அமிலமும் பேரிங்கின் மேல் ஐந்து மாதம் உட்கார வேண்டாம். பெட்ரோல் டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் ஊற்றி, அது இன்ஜெக்டர்வரை போகும்படி பத்து நிமிடம் ஓட்டுங்கள். இங்கே கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அரை டேங்கில் நின்றால் ஈரம் இழுக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம், அல்லது மெயின்டெய்னர் சார்ஜரில் போடலாம். முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 7 வாக்கிலேயே உறைந்து உப்பிவிடும்.

படி 2: எந்தப் பாகம் எந்த வண்டியுடையது?

பாகங்கள் விற்கும் கடையில் கவுன்ட்டர் பையன் கேட்கும் முதல் கேள்வி, “எந்த வண்டி, எந்த வருடம்?” எனக்கு அதற்கு ஒரு பதில் கிடையாது. தெர்மோஸ்டாட் வேண்டுமென்றால் 2004 டிஎஸ்எக்ஸ். கிளட்ச் என்றால் அக்யுராவின் இன்னொரு காரான 2002 ஆர்எஸ்எக்ஸ் டைப் எஸ், ஏனென்றால் கியர்பாக்ஸ் அதனுடையது. வீல் பேரிங் என்றால் 1993 சிவிக். முன் பிரேக் பேட் என்றால், யாரோ மாற்றிவிட்ட வேறொரு ஹோண்டாவுடையது. உண்மையைச் சொன்னால் அவன் விழிப்பான். ஒவ்வொரு தடவையும் அந்தந்தக் காரின் சொந்தக்காரனாக நடிக்க வேண்டியதுதான்.

இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வலது பக்கத்தில் பாகம், இடது பக்கத்தில் அது எந்த வண்டியுடையது, எப்படித் தெரிந்தது. தெரியாததை அளந்து எழுதுங்கள்: ரோட்டரின் (பிரேக் டிஸ்க்) விட்டம், ஹோஸின் உள்விட்டம், பெல்ட்டில் அச்சிட்ட எண். சின்ன வேலை, சலிப்பான வேலை. ஆனால் பிப்ரவரியில் ஒரு தவறான சீலைத் திருப்பிக் கொடுக்கப் பனியில் வண்டி ஓட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எழுதும்போதே எஞ்சின் மாற்றத்தின் கதையும் புரிய வரும். பழைய சிவிக் எஞ்சினில் கிராங்க் புல்லி டிரைவர் பக்கம், கியர்பாக்ஸ் எதிர்ப்பக்கம். கே24 சேர்ந்த கே வரிசை எஞ்சின்களில் நேர்மாறு. பழைய எஞ்சினின் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் பார்க்கும், கே வரிசையில் அது பின்னால், ஸ்டியரிங் ரேக்குக்கு மேலே போய்விட்டது. முன்பக்கம் இருக்கும் இன்டேக்குக்கு இடம்விட ரேடியேட்டரைப் பாதி அளவாக்கி ஓரத்தில் தள்ளியிருப்பார்கள். ஆக, கார் எந்த எஞ்சினுக்காகச் செய்யப்பட்டதோ அதன் கண்ணாடிப் பிம்பம்தான் இப்போது உள்ளே இருக்கிறது.

படி 3: கராஜ், குளிர், உயிர்

ஜனவரி ராத்திரிகளில் இங்கே மைனஸ் 10 சாதாரணம். ஹீட்டர் இல்லாமல் விரல் வேலை செய்யாது, ஹீட்டர் வைத்தால் நெருப்புப் பயம். குளிரில் பெட்ரோல் பற்றாது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ஆவி மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும், தரையில்தான் நாம் ஹீட்டரை வைக்கிறோம். பெட்ரோல் லைனைத் திறக்கும் நாளில் தீ எரியும் ஹீட்டர் எதுவும் கராஜில் இருக்கக் கூடாது. கராஜிலேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதையும் அன்று அணைத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை ஹீட்டர் பக்கமோ வெல்டிங் பக்கமோ அடிக்காதீர்கள், சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும்.

எஞ்சினைக் கராஜுக்குள் ஓடவிடாதீர்கள். கதவைத் திறந்துவைத்தால் போதும் என்பது பொய். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை வெளியே தள்ளுங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இரு பக்கமும் வேண்டும்.

ஜாக்கி ஸ்டாண்டு வைக்கும் இடத்தை முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இந்த ஊர் சிவிக்கில் கதவுக்குக் கீழே இருக்கும் அந்த மடிப்புத் தகடு வெளியே பெயின்ட்டும் உள்ளே துருவுமாக இருக்கலாம். ஸ்டாண்டில் ஏற்றியதும் வண்டியை இடுப்பால் இடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்.

படி 4: எர்த்தும் வயரிங்கும்

அதிக நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். நல்லவேளை, கைக்கு அதிகம் குளிராத வேலை இது.

எர்த்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மல்டிமீட்டரால் பாருங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைக்க வேண்டும். கிளாம்பில் வைக்காமல் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். சிவப்பு முள் எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஒருவரை ஐந்து நொடி கிராங்க் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் நல்ல எர்த். எனக்கு 0.9 வந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போகவேண்டிய சக்தியில் கணிசமான பங்கு வழியிலேயே சூடாகக் கரைந்துகொண்டிருந்தது.

காரணம் கியர்பாக்ஸ் பக்கம் இருந்தது. பார்க்கப் புத்தம்புது எர்த் பட்டை, பளபளவென்று செம்பு. ஆனால் கறுப்புப் பவுடர் கோட்டிங் அடித்த மவுண்டிங் பிராக்கெட்டின் மேல் வைத்து முறுக்கியிருந்தார்கள். இரும்புக்கும் பட்டைக்கும் நடுவே அந்தப் பூச்சு. போல்ட்டின் மரை வழியாகப் போன கொஞ்சக் கரன்ட்டில்தான் கார் கோடை முழுக்க ஓடியிருக்கிறது. 80 நம்பர் உப்புத்தாளால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்தேன். முதலில் கறுப்பு போனது, அப்புறம் சாம்பல், அப்புறம்தான் வெள்ளையாக உலோகம் தெரிந்தது. பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். மறுபடி சோதித்தபோது 0.08. டாஷ்போர்டு முள் ஆடுவதும் அன்றோடு நின்றது.

இதே போலப் பாசிட்டிவ் பக்கமும் பாருங்கள்: பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த டெர்மினல்வரை, கிராங்க் செய்யும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இட நெருக்கடியால் பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கேபிள் போதுமான தடிமனா, தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ் இருக்கிறதா. ஃபியூஸ் இல்லாத கேபிள் காரின் முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டே போகிறது என்றால், அதைச் சரிசெய்யும்வரை பேட்டரியை மாட்டாதீர்கள்.

அடுத்தது, எஞ்சின் வயரிங்கும் கார் வயரிங்கும் சந்திக்கும் கன்வர்ஷன் ஹார்னஸ் என்ற ஒயர்க் கட்டு. அதைக் கடையில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை அதில் இருக்காது, அதற்குப் பிறகு யாரோ “ஒரு ஒயர் மட்டும்” என்று சேர்த்ததில் இருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒவ்வொரு முடிச்சையும் பிரியுங்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப் கண்ணில் பட்டால் வெட்டி எறிந்துவிட்டு, சரியான கிரிம்ப்பும் (நசுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பு) பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிளை. வெட்டும் முன் போட்டோ. ஒரே இரவில் முழு ஹார்னஸையும் பிரித்துப்போட்டால் அடுத்த ஆண்டும் இதே கராஜில்தான் இருப்பீர்கள்.

பழைய ஹோண்டாக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு திருடன் இருக்கிறான்: டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் மெயின் ரிலே. எஞ்சின் மாறினாலும் பெட்ரோல் பம்புக்குப் பவர் கொடுப்பது பல வண்டிகளில் இன்னும் இதுதான். முப்பது வருடத்தில் உள்ளே சால்டரிங் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது, ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பெட்டியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு காலைச் சுற்றியும் முடி போல ஒரு கறுப்பு வளையம் தெரியும். மறுபடி சால்டர் வைக்கப் பதினைந்து நிமிடம்.

வேகமானி தப்பாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். புது கியர்பாக்ஸின் சென்சார் அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை பழைய மீட்டருக்குப் பொருந்தாது, நடுவே ஒரு கன்வர்ட்டர் பெட்டி வேண்டும்.

படி 5: மவுண்டிங், பானெட், ஆக்சில்

கே24 தன் தம்பியான கே20ஐவிட 2 சென்டிமீட்டர் அளவுக்கு உயரம். கே20க்கென்று செய்த மவுண்டிங்கில் இதை உட்காரவைத்தால் மேலே பானெட்டில் இடிக்கும். அதைத் தவிர்க்கக் கீழே இறக்கினால் ஆயில் சேம்பர் ரோட்டில் இடிக்கும். சேம்பர் அலுமினியம், ஒடுங்காது, உடையும்.

இடைவெளியை அளக்க ஒரு எளிய வழி. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி, எஞ்சினின் உயரமான மூன்று நான்கு இடங்களில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. எஞ்சின் ஓடும்போது ஆடும், அதனால் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது.

சிக்னலில் கண்ணாடி நடுங்குவது பெரும்பாலும் கெட்டியான பாலியுரித்தேன் புஷ் போட்டதால். அது பழுதில்லை, விலை. ஆனால் மாற்றும் முன் வேறு எங்காவது உலோகத்தில் உலோகம் படுகிறதா பாருங்கள். என் காரில் எக்ஸாஸ்ட் பைப் பின்பக்க கிராஸ் மெம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடம் மட்டும் நாணயம் போலப் பளபளத்தது. ஹேங்கர் ரப்பரை மாற்றியதும் பாதி நடுக்கம் போய்விட்டது. அதே இடத்தில் படுத்திருக்கும்போதே ஸ்டியரிங் ரேக்கின் ரப்பர், பிரேக் குழாய், கிளட்ச் குழாய் எல்லாம் எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகின்றன என்று பாருங்கள். ரப்பர் மினுமினுத்தோ பொரிந்தோ இருந்தால் வெப்பத் தகடு போடுங்கள்.

ஒவ்வொரு மவுண்டிங் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கி, பெயின்ட் பேனாவால் போல்ட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். கோடைகாலத்தில் அந்தக் கோடு விலகினால் போல்ட் தளர்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

வேகம் கூட்டும்போது மட்டும் வரும் நடுக்கம் இருந்ததா? அது உள்பக்க ஆக்சில் ஜாயின்ட். வண்டியை ரொம்பத் தாழ்த்தியிருந்தால் ஆக்சில் சாய்வு அதிகமாகி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஆக்சிலைச் சக்கரம் தொங்கும் நிலையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சஸ்பென்ஷனுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கிற உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

படி 6: பெட்ரோல்

பழைய சிவிக்கில் மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும். ஆர்எஸ்எக்ஸில் திரும்பும் வழி கிடையாது, அழுத்தத்தை டேங்குக்குள்ளேயே கட்டுப்படுத்துகிறார்கள். இரண்டையும் சேர்க்க ரெகுலேட்டர், அடாப்டர், கொஞ்சம் ரப்பர் ஹோஸ் வேண்டும். கார் தீப்பிடித்தால் அநேகமாக இந்த ஹோஸிலிருந்துதான்.

ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். 30ஆர்9 என்றிருந்தால் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கானது. 30ஆர்7 என்றிருந்தால் கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்த ஹோஸ். அழுத்தம் 50 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் இடத்தில் அதை வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எழுத்தே இல்லையென்றாலும் மாற்றுங்கள். திருகிப் பல் ஏறும் சாதாரண கிளாம்ப் ரப்பரை அறுக்கும், ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்குங்கள். கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் முகத்தில் அடிக்கும்.

இந்தப் பக்கம் இருக்கும்போதே ஒரு இரண்டு நிமிடச் சோதனை. டிஎஸ்எக்ஸ் எஞ்சினின் த்ராட்டில் மின்சாரத்தால் திறப்பது. மாற்றிய வண்டிகளில் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு ஆர்எஸ்எக்ஸின் கேபிள் த்ராட்டில் போட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடாதபோது ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, உள்ளே தட்டு முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் படக்கென்று மூடுகிறதா பாருங்கள். திறப்பது குறைந்தால் பவர் குறையும், அவ்வளவுதான். மூடாவிட்டால் உயிர் போகும்.

படி 7: கூலன்ட்

பாதி அளவு ரேடியேட்டர் எஞ்சினின் தலையைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் காற்று மேலே, சிலிண்டர் ஹெட்டில்தான் போய்ச் சிக்கும். நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, மூடி இருக்கும் இடம்தான் மொத்தச் சுற்றிலும் உயரமான இடமாக ஆக்குங்கள். பெரிய புனல் ஒன்றை மூடிக்குப் பதில் மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட வேண்டும். வெளியேதான். ஹீட்டரில் சூடான காற்று வருவதும், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை தானாகப் போட்டு அணைவதும்தான் முடிந்ததற்கு அடையாளம். சிந்திய கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போதும் சாக. உடனே துடைத்துவிடுங்கள்.

படி 8: கிளட்ச், கியர்

பெடலுக்கு மேலே கையை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. மாற்றிவிடுங்கள். ஆர்எஸ்எக்ஸின் ஆறு கியர் பெட்டியில் மூன்றாம் கியர் கரகரப்பது ஊரறிந்த குறை. ஹோண்டாவின் சொந்த கியர் ஆயிலை மாற்றிப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும். போதாவிட்டால்? முதுகில் படுத்து, மைனஸ் 10இல், கியர்பாக்ஸை நெஞ்சின் மேல் இறக்கும் வேலையை நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் கியரை நிதானமாகப் போட்டு இன்னொரு கோடையை ஓட்டலாம்.

படி 9: எஞ்சினில் செய்யவேண்டியது கொஞ்சம்தான்

வால்வ் இடைவெளி. இதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், ஹோண்டா சொல்வது 38 டிகிரிக்குக் கீழே. அதற்கு இங்கே பஞ்சமில்லை. இன்டேக் 0.21 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29. பழைய ஹோண்டாவில் பழகியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த எஞ்சின்கள் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றும், கே வரிசை கடிகாரத் திசையில். பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் திருப்பாதீர்கள். மூடியைத் திறந்திருக்கும்போதே கேமின் முனைகளை விரலால் தடவுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும், குழி குழியாகச் சொரசொரத்தால் அந்த கேம் தேய்கிறது.

விடிசி சத்தம் இருந்தால் அதற்கு டைமிங் செயினில் கை வைக்க வேண்டும். இந்தப் பனிக்காலத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஒட்டுகள் எல்லாம் சரியாகட்டும்.

படி 10: பிரேக்கும் துருவும்

102 குதிரையை நிறுத்தச் செய்த 240 மில்லிமீட்டர் முன் ரோட்டரில் 200 குதிரையை ஓட்டுவது வீரம் இல்லை. அதே காலத்து வேறு ஹோண்டாக்களின் 262 மில்லிமீட்டர் ரோட்டரும் அதற்கான கேலிப்பரும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், எத்தனை வருடம் பழையது என்று தெரியாவிட்டால் முழுக்க மாற்றுங்கள். குழாய்களைக் காரின் முழு நீளத்துக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

பின் சக்கர வளைவும், பின் ட்ரெயிலிங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கை) பாடியில் சேரும் இடமும் இந்தக் காரின் பலவீனம். தட்டிப் பார்த்தால் நல்ல தகடு டங் என்னும், கெட்டது டப் என்னும். வெல்டிங் தெரியாதவர்கள் டப் சத்தத்தோடு வாழாமல் தெரிந்தவரிடம் போங்கள்.

படி 11: மார்ச் முடிவில் ஸ்டார்ட், ஏப்ரலில் ரோடு

பேட்டரியை மாட்டியதும் நேரே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப் ஃபியூஸ் இல்லாமல், ஆயில் லைட் அணையும்வரை சில நொடிகளாக விட்டுவிட்டுக் கிராங்க் செய்யுங்கள், பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரட்டும். அப்புறம் ஃபியூஸைப் போட்டு, சாவியை ஆன் மட்டும் செய்து, பம்ப் ஓடும்போது ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காகிதம் காய்ந்தே இருந்தால் வண்டியை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எஞ்சின் மாற்றியதைச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் விபத்தன்று அவர்கள் கண்டுபிடிப்பார்கள். பனிக்காலத்துக்காகக் குறைத்த கவரேஜையும் ரோட்டில் இறங்கும் முன் பழையபடி ஏற்றச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் சொந்தக் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டது, அதற்காகக் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி எறியலாம் என்று அர்த்தமில்லை.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். திரும்பி வந்து, ஆறவிட்டு, சக்கர நட்டுகளை 108 நியூட்டன் மீட்டரில் மறுபடி பாருங்கள். மவுண்டிங்கில் போட்ட பெயின்ட் கோடுகள், எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்ச், ஆயில் சேம்பருக்குக் கீழே விரித்த அட்டை எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டாவது ஓட்டம் ஐம்பது கிலோமீட்டர், அதே சோதனை. எனக்கு இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு அட்டையில் இரண்டு சொட்டு இருந்தது, ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. பச்சை, கூலன்ட் ஹோஸின் கிளாம்ப். அரைச் சுற்று முறுக்கியதும் நின்றது. பழுப்புக்கு இன்னும் ஊர் தெரியவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.